மதுரையில் 62,000, பெங்களூரில் 1,05,000: கணக்கு எங்கே இடிக்கிறது?

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிக்கொள்கிறேன். மதுரையில் கைக்கு 62,000 ரூபாய் வருகிற வேலை. பெங்களூரில், எலக்ட்ரானிக் சிட்டி பக்கம், கைக்கு 1,05,000 தருவதாக ஒரு நிறுவனம் கூப்பிடுகிறது. வீட்டில் மனைவி, அடுத்த ஆண்டு முதல் வகுப்புக்குப் போகவேண்டிய மகள். ஒப்பீட்டு இணையதளம் ஒன்றில் இரண்டு ஊரையும் போட்டுப் பார்த்திருக்கிறீர்கள். அங்கே செலவு ஒன்றரை மடங்கு ஆகும் என்று அது சொன்னது. 62,000 ஒன்றரை மடங்கானால் 93,000. ஆக மாதம் 12,000 லாபம், போகலாமா என்கிறீர்கள். கடைசியில் போகிற போக்கில் ஒரு வரி: "மனைவி இங்கே தனியார் பள்ளியில் 18,000 வாங்குகிறார், அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம்."

அந்த வரியில்தான் விடை இருக்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் இணையதளத்தை முடித்துவிடலாம்.

நீங்கள் பார்த்த 'நம்பியோ' (Numbeo) தளத்தின் பெயரைத் தமிழில் எழுதினாலே ஒரு கேள்வி ஒட்டிக்கொள்கிறது: யாரை நம்பியோ? 2009இல் தொடங்கிய அந்தத் தளத்தில் விலைகளைப் பெரும்பாலும் பயன்படுத்துகிறவர்களே பதிகிறார்கள். நியூயார்க்கை 100 என்று வைத்து மற்ற ஊர்களை அளக்கிறார்கள். வாழ்க்கைச் செலவுக் குறியீட்டில் வாடகை சேராது, அதற்குத் தனிக் குறியீடு. பெங்களூருக்கு விலை பதிகிறவர்கள் நிறையப் பேர். மதுரைக்கு அப்படி இல்லை. அப்படிப் பதிகிறவரும் ஏசி உணவகத்தில் சாப்பிட்டு, பேரங்காடியில் காய் வாங்குகிறவராக இருந்தால், நீங்கள் வாழும் மதுரை அந்த எண்ணில் இல்லை.

கொஞ்சம் விவரம் தெரிந்தவர்கள் அரசுப் புள்ளிவிவரத்துக்குப் போவார்கள். தொழிலாளர் பணியகம் மாதாமாதம் 88 மையங்களுக்கு நுகர்வோர் விலைக் குறியீடு வெளியிடுகிறது. மதுரையும் உண்டு, பெங்களூரும் உண்டு. இரண்டையும் பக்கத்தில் வைத்து எந்த எண் பெரியதோ அந்த ஊரில் விலை அதிகம் என்று முடிவு கட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அது தவறு. ஒவ்வொரு ஊருக்கும் அதன் சொந்த 2016 விலைதான் 100. அதற்குப் பின் அந்த ஊருக்குள் விலை எவ்வளவு ஏறியது என்பதை மட்டும்தான் அது காட்டும். மதுரையின் எண் பெங்களூரின் எண்ணைத் தாண்டினாலும் மதுரை விலை கூடிய ஊர் ஆகிவிடாது. இரண்டு பிள்ளைகளில் யார் உயரம் என்று கேட்டால், போன வருடத்திலிருந்து யார் எத்தனை அங்குலம் வளர்ந்தார்கள் என்று பதில் சொல்வது போன்றது அது.

நான் திருநெல்வேலியிலிருந்து 2014இல் பெங்களூர் வந்தவன். இதுவரை நான்கு வீடு மாறியாயிற்று. அரிசி, பருப்பு, பால் விலையை வைத்து ஊரை எடை போடுவது வீண் வேலை என்பது முதல் வருடத்திலேயே புரிந்தது. நம் ஊர் ஆவின்போல் இங்கே இருக்கும் நந்தினி பால் 2025 ஏப்ரலில் லிட்டருக்கு 4 ரூபாய் ஏறியது. அதை வைத்துப் பெரிய விவாதமே நடந்தது. தினம் ஒரு லிட்டர் வாங்கினால் மாதம் 120 ரூபாய். வீட்டு உரிமையாளர் ஒரே கையெழுத்தில் அதைப்போல் இருபது மடங்கு ஏற்றுவார். ஒப்பிடவேண்டியது கடை விலையை அல்ல. உங்கள் ஒரு மாதத்தை. குறிப்பாக, இன்று நீங்கள் காசு கொடுக்காமலேயே பெறுகிறவற்றை.

மதுரையில் நீங்கள் காசு கொடுக்காதவை என்னென்ன? மாமியார் இரண்டு தெரு தள்ளி இருக்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். பள்ளி விட்டதும் குழந்தை அங்கேதான். ரேஷனில் விலையில்லா அரிசி, 30 ரூபாய்க்குத் துவரம் பருப்பு, 25 ரூபாய்க்குப் பாமாயில். மனைவி பள்ளிக்குப் போவது டவுன் பஸ்ஸில் என்றால் 2021 மே முதல் அதற்கும் டிக்கெட் இல்லை. குழாய் கெட்டால் வருகிற ஆள் பழகியவர். இவை எதுவும் உங்கள் செலவுக் கணக்கில் இல்லை, இணையதளத்தின் கணக்கிலும் இல்லை. ஊர் மாறிய அன்று இவை எல்லாவற்றுக்கும் விலை வந்துவிடும்.

சில இழப்புகளுக்குக் கர்நாடகத்தில் ஈடு உண்டு, ஆனால் உடனே கிடைக்காது. பெண்களுக்கு இலவசப் பேருந்து 2023 ஜூனிலிருந்து அங்கும் உண்டு. ஆனால் கர்நாடக முகவரியுள்ள அடையாள அட்டையைக் காட்டவேண்டும். மின்சாரத்தில் அங்கே தாராளம்தான்: நமக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்றால், அங்கே தகுதியுள்ள இணைப்புக்கு மாதம் 200 யூனிட் வரை. ஆனால் எத்தனை யூனிட் என்பது அந்த இணைப்பின் பழைய சராசரியைப் பொறுத்தது. முன்பு குடியிருந்தவர் தன் ஆதாரை அந்த இணைப்பிலிருந்து விலக்கினால்தான் நீங்கள் சேரமுடியும். எனவே வீடு பார்க்கும்போது, "மின் இணைப்பில் இப்போது யாருடைய பெயர் சேர்ந்திருக்கிறது?" என்று கேட்டுவிடுங்கள். மதுரை வெயிலோடு ஒப்பிட்டால் ஏசி இல்லாமல் சமாளிக்கலாம் என்பது தனி லாபம்.

இனி வாடகை. திருநகரில் 11,000க்கு இருக்கிறீர்கள். எலக்ட்ரானிக் சிட்டி சுற்றுவட்டாரத்தில் குழந்தையோடு இருக்கத் தோதான, லிஃப்டும் காவலாளியும் உள்ள இரண்டு படுக்கையறை வீட்டுக்கு 28,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். பராமரிப்புக் கட்டணம் தனி. அட்வான்ஸ் என்பது இந்த ஊரின் பழைய வியாதி. தமிழ்நாட்டில் 2017ஆம் ஆண்டுச் சட்டம், வேறு ஒப்பந்தம் இல்லாதபோது மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் கூடாது என்கிறது. பெங்களூரில் பத்து மாத வாடகை கேட்பதுதான் நெடுங்கால வழக்கம். இப்போது ஐந்து, ஆறு மாதத்துக்கு இறங்கி வருகிறார்கள். ஐந்து மாதம் என்றாலே 1,40,000 ரூபாய் வட்டியில்லாமல் முடங்கும். புரோக்கருக்கு ஒரு மாத வாடகை. காலி செய்யும்போது பெயின்ட் அடிக்க என்று இன்னொரு மாத வாடகையைப் பிடித்துக்கொள்வார்கள். இது ஒப்பந்தத்திலேயே இருக்கும், நாம் படித்திருக்கமாட்டோம். என் இரண்டாவது வீட்டில் பெயின்டுக்கு ஒரு மாத வாடகையைப் பிடித்தது போதாதென்று, ஆணி அடித்த ஓட்டைக்குத் தனியாக 1,500 ரூபாய் பிடித்தார்கள். ஓட்டை எங்களுக்கு முன்பிருந்தே இருந்தது. நான் படம் எடுத்து வைத்திருக்கவில்லை. குடிபோகும் அன்று எல்லாச் சுவரையும் கைப்பேசியில் எடுத்து உரிமையாளருக்கே அனுப்பிவிடுங்கள்.

'லீஸ்' என்று ஒன்று சொல்வார்கள். நம் ஊர் ஒத்திதான். மொத்தமாகச் சில லட்சங்களைக் கொடுத்துவிட்டு வாடகையில்லாமல் இருப்பது. உரிமையாளரிடம் நேரடியாக, வீட்டின்மேல் வங்கிக்கடன் இல்லை என்று பார்த்தபின் என்றால் யோசிக்கலாம். இடையில் ஒரு நிறுவனம் உட்கார்ந்து பணத்தை வாங்குகிறது என்றால் வேண்டாம்.

பராமரிப்புக் கட்டணத்துக்குள் ஒளிந்திருப்பது தண்ணீர். காவிரியைச் சுமார் 100 கிலோமீட்டர் தொலைவிலிருந்து மேட்டுக்கு இறைத்துக் குடிக்கும் ஊர் இது. புறநகரின் பல பகுதிகளுக்கு அது போதிய அளவில் வருவதில்லை. மூன்றாவது வீட்டைப் பார்க்கப் போனபோதுதான் எனக்கு ஒரு வித்தை பிடிபட்டது. புரோக்கர் மேலே சாவி வாங்கப் போயிருந்தார். வாசலில் காவலாளியின் மேசைமேல் நீள நோட்டு ஒன்று: வருகிற போகிற வண்டிகளின் பதிவேடு. சும்மா புரட்டினேன். கூரியர்காரர், கேஸ், விருந்தாளி என்ற வரிகளுக்கு நடுவே, காலை 5.40, தண்ணீர் லாரி. மதியம் 2.15, தண்ணீர் லாரி. மறுநாளும் இரண்டு. ஏப்ரல் மாதத்தின் பக்கங்கள் முழுக்க அப்படியே. நாற்பது வீடுள்ள குடியிருப்பு அது. 2024 கோடையில் தட்டுப்பாடு முற்றியபோது, 5 கிலோமீட்டருக்குள் கொண்டுவரும் 12,000 லிட்டர் லாரிக்கு 1,000 ரூபாய்தான் வாங்கவேண்டும் என்று மாவட்ட நிர்வாகம் உச்சவிலை வைத்தது. அந்த விலையிலேயே போட்டாலும் நாளைக்கு இரண்டு லாரி என்றால் மாதம் 60,000, வீட்டுக்கு 1,500. "24 மணி நேரமும் தண்ணீர் சார்" என்று புரோக்கர் சொன்னது பொய்யில்லை. லாரி வந்துகொண்டிருக்கும்வரை தண்ணீர் வரத்தான் செய்யும். அதன் பிறகு எந்த வீட்டைப் பார்க்கப் போனாலும் முதலில் வாசல் நோட்டைத்தான் பார்க்கிறேன். முடிந்தால் ஏப்ரல், மே பக்கங்கள்.

குழந்தையின் பள்ளி விஷயத்தில் பணத்தைவிட வயது முக்கியம். தமிழ்நாட்டில் 5 வயது நிறைந்தால் முதல் வகுப்பு. கர்நாடகத்தில் ஜூன் 1 அன்று 6 வயது நிறைந்திருக்கவேண்டும் என்பது விதி. 2025-26க்கு மட்டும் 5 வயது 5 மாதம் என்று தளர்த்தினார்கள். உங்கள் மகளுக்கு மார்ச்சில் 5 நிறைகிறது. விதிப்படி போனால் அவள் மறுபடி யு.கே.ஜி.யில் உட்காரவேண்டியிருக்கும். அது ஒரு வருடக் கட்டணம். தளர்வு ஏதும் வந்திருக்கிறதா என்று பள்ளியில் நேரில் கேட்டுவிடுங்கள். பல பள்ளிகளில் சேர்க்கை முந்தைய ஆண்டு அக்டோபர், நவம்பரிலேயே தொடங்கிவிடும் என்பதையும் மறக்கவேண்டாம். கன்னடம் ஒரு பாடமாக இருக்கும்; அந்த வயதில் குழந்தை மூன்று மாதத்தில் பேசிவிடும், கவலை வேண்டாம். நமக்குத்தான் நாக்கு திரும்பாது.

இப்போது கணக்கு. நீங்கள் கொடுத்த மதுரை எண்களையும், என் வீட்டுச் செலவு நோட்டையும் வைத்துப் போடுகிறேன். இன்று உங்கள் வீட்டுக்கு வருவது 62,000 அல்ல, 80,000. வாடகை 11,000, மளிகை காய் பால் கேஸ் 12,500, மின்சாரம் இணையம் கைப்பேசி 1,500, பள்ளி 5,000, போக்குவரத்து 2,500, வெளியே சாப்பாடு 3,000, மருந்து 2,000, பெற்றோருக்கு 10,000, காப்பீடு 4,000. மொத்தம் 51,500. மீதி 28,500.

பெங்களூரில் வாடகையும் பராமரிப்பும் 31,500. மளிகை 16,000, ரேஷனும் மாமியார் வீட்டுக் குழம்பும் இல்லையல்லவா. மின்சாரம் இணையம் குடிநீர் கேன் 3,000. பள்ளியும் வேனும் 11,000. போக்குவரத்து 5,000. வீட்டுவேலைக்கு ஆள் 3,500. வெளியே சாப்பாடு 6,000. இரட்டிப்பாகப் போட்டிருக்கிறேன், முதல் வருடம் அப்படித்தான் ஆகும், தெரியாத ஊரில் சனிக்கிழமை மாலை வீட்டில் உட்கார முடியாது. மதுரைக்குப் போய்வர மாதச் சராசரி 5,000. மருத்துவம் 3,000. பெற்றோருக்கு 10,000, காப்பீடு 4,000, இவை மாறாது. மொத்தம் 98,000. மீதி 7,000.

சம்பளம் 43,000 கூடுகிறது, சேமிப்பு 21,500 குறைகிறது. உங்கள் மனைவிக்கு வேலை கிடைக்கும்வரை இதுதான் நிலை. ஆசிரியர் வேலை என்பதால் கல்வியாண்டின் நடுவில் போனால் அடுத்த ஜூன் வரைகூடக் காத்திருக்க நேரலாம். அவருக்கு 30,000 ரூபாயில் வேலை கிடைக்கிறது, பள்ளி விட்டபின் குழந்தையைக் காப்பகத்தில் விட 8,000 ஆகிறது என்றால், மீதி 29,000. அதாவது மதுரையில் இன்று மிஞ்சுகிற கிட்டத்தட்ட அதே பணம். இரண்டு பேரும் கூடுதலாக ஓடி, மாமியாரை விட்டுவிட்டு, நின்ற இடத்துக்கே வந்து சேர்கிறீர்கள். வேலையில் கற்றுக்கொள்வது அதிகம், இரண்டாண்டில் சம்பளம் வேறு மட்டத்துக்குப் போகும் என்றால் அது நல்ல காரணம்தான், அதற்காகப் போங்கள். 12,000 லாபத்துக்காகப் போகவேண்டாம், அந்த 12,000 இல்லை. "அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம்" என்பதை அவரிடம் கேட்டுவிட்டு எழுதினீர்களா என்றும் தெரியவில்லை. கேளுங்கள்.

சில சிறு விஷயங்கள். 1,05,000 என்பது உண்மையிலேயே கைக்கு வருவதா, சி.டி.சி.யை, அதாவது நிறுவனம் உங்களுக்காக ஆண்டுக்குச் செலவிடும் மொத்தத் தொகையை, பன்னிரண்டால் வகுத்ததா என்று பாருங்கள், நிறுவனத்தின் பி.எஃப். பங்கும் பணிக்கொடையும் அதற்குள் இருக்கக்கூடும். தொழில்வரி இரண்டு மாநிலத்திலும் ஆண்டுக்கு 2,500க்கு மேல் போகாது, விட்டுவிடுங்கள். வாடகை கூடினால் வருமான வரி குறையுமே என்று யாராவது சொன்னால், அது பழைய வரிமுறையில் மட்டும். புதிய முறையில் வீட்டு வாடகைப் படிக்குச் சலுகை கிடையாது.

காரைக் கொண்டுபோவதா என்று கேட்டிருந்தீர்கள். முதல் வருடம் வேண்டாம். வேறு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் மறுபதிவு செய்யவேண்டும் என்கிறது மோட்டார் வாகனச் சட்டம். கர்நாடகத்தின் ஆயுள்வரி நாட்டிலேயே கடுமையானவற்றில் ஒன்று: 5 முதல் 10 லட்சம் விலையுள்ள புதிய காருக்கு 14 சதவீதம், அதன்மேல் கூடுதல் தீர்வை. பழைய காருக்கு வயதுக்கேற்பக் குறையும் என்றாலும் தொகை சின்னதாக இருக்காது. மதுரையில் கட்டிய வரியில் மீதியைத் திரும்பப் பெற வழியுண்டு. வழி உண்டு என்பதற்கும் பணம் வந்தது என்பதற்கும் நடுவில் எத்தனை நடை என்பது நடந்தவருக்குத்தான் தெரியும். காரை மாமனார் வீட்டில் நிறுத்துங்கள். எலக்ட்ரானிக் சிட்டிக்கு 2025 ஆகஸ்டில் மெட்ரோ வந்துவிட்டது. ஆனால் அதே ஆண்டு பிப்ரவரியில் அதிகபட்சக் கட்டணத்தை 60இலிருந்து 90 ரூபாய் ஆக்கினார்கள். சென்னை மெட்ரோவின் 50 ரூபாயை நினைத்துக்கொண்டு கணக்குப் போடாதீர்கள்.

நீங்கள் கேட்காத ஒரு வழி: ஓசூர். அலுவலகம் நகரின் வடக்கிலோ வொயிட்ஃபீல்டிலோ இருந்திருந்தால் இதைச் சொல்லியிருக்கமாட்டேன். எலக்ட்ரானிக் சிட்டிக்கு ஓசூரிலிருந்து ஏறக்குறைய 20 கிலோமீட்டர்தான். மெட்ரோவின் கடைசி நிலையமான பொம்மசந்திரா அதைவிடப் பக்கம். அத்திப்பள்ளி எல்லையில் காலை நெரிசல் பொறுமையைச் சோதிக்கும், சுங்கமும் உண்டு. ஆனால் தமிழ்நாட்டுக்குள்ளேயே இருப்பதால் ரேஷன் அட்டையை மாற்றிக்கொள்ளலாம், வண்டிப் பதிவுப் பிரச்சினை எழாது, மகளுக்கு முதல் வகுப்பு வயதுச் சிக்கல் இல்லை, உங்கள் மனைவிக்குத் தமிழ்நாட்டுப் பாடத்திட்டப் பள்ளியில் வேலை தேடுவதும் எளிது. வாடகை பெங்களூரைவிடக் கணிசமாகக் குறையும். என் கணக்கில் மாதம் 15,000 வரை மிஞ்சும். நாளுக்கு இரண்டு மணி நேரம் சாலையில் போகும். என் நண்பர் ஒருவர் ஏழு ஆண்டுகளாக இப்படித்தான் போய்வருகிறார். "தூங்குகிற நேரத்தை பஸ்ஸில் தூங்குகிறேன்" என்பார்.

எதுவானாலும் குடும்பத்தோடு ஒரேயடியாகக் கிளம்பாதீர்கள். கல்வியாண்டு முடியும்வரை நீங்கள் மட்டும் ஒரு பி.ஜி. விடுதியில் தங்குங்கள். மதுரைக்குப் பகலில் வந்தே பாரத், இரவில் மைசூர்–தூத்துக்குடி ரயில் என்று போக்குவரத்துக்குக் குறையில்லை. முன்பதிவு 60 நாளுக்கு முன்புதான் திறக்கிறது. தீபாவளி, பொங்கலுக்கு அந்த நாளைக் குறித்து வைக்காவிட்டால் ஆம்னி பஸ்காரர் சொல்வதுதான் விலை. விடுதியில் தங்கும் மாதங்களில் சனிக்கிழமைகளில் வீடு பாருங்கள், ஒரு முறை மழை நாளில், ஒரு முறை காலை எட்டரைக்கு.

நிறுவனத்துக்கு வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்லவேண்டும் என்றீர்கள். 1,20,000 கேளுங்கள். மனைவிக்கு வேலை இல்லாத மாதங்களிலும் 22,000 மிஞ்சுகிற எண் அது. தரமாட்டோம் என்றால், வீட்டுச் சாமான் ஏற்றும் லாரிச் செலவையும் முதல் 15 நாள் தங்கும் இடத்தையும் அவர்களே ஏற்கவேண்டும் என்று கேளுங்கள். புரோக்கர், அட்வான்ஸ், லாரி, பள்ளிச் சேர்க்கை எல்லாம் சேர்ந்து முதல் மாதத்தில் மூன்று லட்சத்தை நெருங்கும்; அதில் அவர்கள் எதை ஏற்றாலும் லாபம். வாய்ச்சொல்லாக அல்ல, வேலை உத்தரவுக் கடிதத்தில் எழுதித் தரச்சொல்லுங்கள்.